சாடியைத் தொட்ட விவகாரம்

பானை டீச்சருக்கு அந்தக் கடிதம் வந்தபோது அவர் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அலுவலக உதவியாளர் ஜன்னல் வழியாகவே உறையை நீட்டினார். மேலே அருங்காட்சியகத்தின் முத்திரை. டீச்சர் பிரித்துப் படித்தார், மறுபடி படித்தார், பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் அடுத்த பாடத்தை மனசுக்குள்ள படிங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பானை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். சரித்திரப் பாடத்தில் போர் வந்தாலும் புரட்சி வந்தாலும் கடைசி ஐந்து நிமிஷத்தில் அவர் பானையில் வந்து நிற்பார். ஏழு வருஷமாகப் பள்ளிக்கூட வேலைக்கு நடுவே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விஷயம், பழங்காலத்துக் குயவர்கள் சுடுவதற்கு முன் பச்சை மண்ணில் கீறிவைத்த குறிகள்.

ஆற்றின் மேற்பகுதியில் ஒரு பழைய சூளை இருந்தது. அவருடைய பேராசிரியர் அங்கே தோண்டியபோது பதினோரு ஓடுகளில் ஒரே குறி கிடைத்தது. மூன்று நேர்கோடு, பக்கத்தில் இடப்புறம் திரும்பிய ஒரு கொக்கி. அதே ஆறு கடலில் சேரும் இடத்தில், முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, ரொம்ப காலத்துக்கு முன்னால் யாரோ ஒரு முழுச் சாடியைத் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தார்கள். எடுத்தவரின் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி: 'தோளில் மூன்று கோடும் ஒரு கொக்கியும்.' கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அந்த மனுஷர் எழுதவில்லை. இடப்புறம் என்றால் சாடி அந்தச் சூளையில் பிறந்து படகேறிக் கடற்கரைக்குப் போயிருக்கிறது. டீச்சரின் நாலாவது அத்தியாயம் நிற்கும். வலப்புறம் என்றால் அது வேறு குயவர் குறி. அந்த அத்தியாயத்தின் தொண்ணூறு பக்கத்தையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். வருஷக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் பதிவையே ரத்து செய்துவிடும்.

அந்தக் கொக்கியைப் பார்ப்பதற்குத்தான் ஆறு மாத ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்திருந்தார்; அது கிடைத்துவிட்டது என்பதுதான் கடிதம். அருங்காட்சியகத்திலேயே இருந்து ஆய்வு செய்ய வருஷத்துக்கு மூன்று பேருக்குத்தான் கொடுப்பார்கள். மற்ற இருவரும் அந்த வருஷம் வரவில்லை. ஒருவர் ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவர் என்பதும், மற்றவர் அவரிடம் விசாரித்தார் என்பதும் டீச்சருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார்கள். முடிவில் நிறைவுச் சான்றிதழ் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பணித்தொடர்ச்சி அறுந்துபோகும் என்று தலைமையாசிரியை எழுத்தில் வாங்கிக்கொண்டார். டீச்சரின் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். "ஒரு கொக்கியைப் பார்க்க ஆறு மாசமா? அரை மணி நேரத்துல பார்த்துட்டு வந்துடலாமே" என்றார்.

"பார்த்துட்டு மீதி நாள்ல அங்கேயே உட்கார்ந்து எழுதிடுவேங்க" என்றார் டீச்சர்.

முதல் நாள் வரவேற்புக் கூட்டம். அரங்கில் இருநூறு நாற்காலி, ஒரே ஒரு ஆய்வறிஞர். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். வெள்ளைத் தலை, கணீரென்ற குரல்.

"இந்த நிறுவனத்துக்கு நூற்றிருபது வயது. நம்மிடம் நாற்பதாயிரம் பொருட்கள் இருக்கின்றன. அவற்றின் மிகப் பெரிய எதிரி எது? ஈரமா, இல்லை. பூச்சியா, இல்லை. பார்வை. பார்க்கப் பார்க்கப் பொருள் தேய்கிறது. ஆகவே முப்பத்தொன்பதாயிரம் பொருட்களை யாரும் பார்க்க முடியாத இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆய்வறிஞர்களை நாங்கள் மனமார வரவேற்கிறோம். நூற்றிருபது ஆண்டுகளில் எந்த ஆய்வாலும் நம்முடைய எந்தப் பொருளுக்கும் எந்த மாற்றமும் நேர்ந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

டீச்சர் கைதட்டினார். அரங்கில் வேறு யாரும் தட்ட இல்லாததால் அது தனியாகக் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் நல்கைப் பிரிவு மேடம் அவரை அழைத்துக்கொண்டு போனார். எப்போதும் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும் அம்மாள். பேச்சு தேன் மாதிரி.

"சாடியை எப்ப பார்க்கலாம் மேடம்?" என்று டீச்சர் கேட்டார்.

"அவசரப்படாதீங்க டீச்சர். முதல்ல பயிற்சி இருக்கு. அப்புறம் தேர்வு. அதுக்கப்புறம்தான் விண்ணப்பமே."

பயிற்சி ஐந்து வாரம் நடந்தது. பென்சில் பிடிக்க ஒரு நாள். கையுறை போட இரண்டு நாள், கழற்ற மூன்று நாள். பொருள் இருக்கும் மேஜையை நோக்கி நடப்பது எப்படி என்று ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மேஜை மேல் பொருளுக்குப் பதிலாக ஒரு ரொட்டிப் பெட்டி வைத்திருந்தார்கள். டீச்சர் அதைப் பதினெட்டு முறை அணுகினார். கடைசி நாள் தேர்வில் எழுபத்திரண்டு மதிப்பெண். மூச்சு விட்டதற்காகப் பத்து கழித்திருந்தார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் வாரம் டீச்சர் உள்ளதை உள்ளபடி எழுதினார்: 'சாடியை இன்னும் பார்க்கவில்லை.' அறிக்கை திரும்பி வந்தது.

"இப்படி எதிர்மறையா எழுதக் கூடாதுங்க. மேல போற அறிக்கை இது" என்றார் மேடம்.

"நடந்தது அதுதானே மேடம்?"

"நடந்ததை எழுதச் சொல்லலையே டீச்சர், முன்னேற்றத்தைத்தானே எழுதச் சொன்னோம்."

அடுத்த வாரம் டீச்சர், 'சாடியைப் பார்ப்பதை நோக்கிய காலம் ஏழு நாள் குறைந்துள்ளது' என்று எழுதினார். அது பாராட்டுக் குறிப்போடு ஏற்கப்பட்டது.

ஆறாவது வாரம் அவருக்கு அறை ஒதுக்கினார்கள். தரைத்தளத்தில், நாணயக் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி நடக்கிறது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் செய்த ஏற்பாடு. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. வெளியே ஒரு பலகை: 'ஆய்வறிஞர். ஆய்வில் ஈடுபட்டிருக்கிறார். கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.' பார்வையாளர் நேரமான பத்திலிருந்து ஐந்து வரை அவர் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, தூங்கக் கூடாது, சாப்பாட்டு நேரத்தில் 'பராமரிப்பில் உள்ளது' என்ற அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுப் போகலாம்.

ஆய்வு செய்யக் கையில் எதுவும் இல்லாததால் டீச்சர் தன்னுடைய பழைய மூன்று அத்தியாயங்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். ஒரு பையன் நெடுநேரம் நின்றுவிட்டு, "இது அசையுதுடா" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு நுழைவுச்சீட்டு வாங்கி வந்தார். மகளுக்கு ஏழு வயது. டீச்சர் விடுதியில் தங்கியிருந்ததால் குழந்தை அம்மாவைப் பார்த்துப் பதினைந்து நாளாகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தது. பிறகு அப்பாவிடம் ஏதோ கேட்டது. கண்ணாடி கனமானது, டீச்சருக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை விரலால் மெல்லத் தட்டியது. காவலாளி வந்து பலகையைச் சுட்டிக்காட்டினார். டீச்சர் ஐந்து மணி ஆகட்டும் என்று கையால் சைகை காட்டினார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு குறிப்பாணை வந்தது: ஆய்வறிஞர் பார்வையாளர்களை நோக்கிக் கையசைப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

கிடங்குப் பொருட்களைப் பார்வையிடுவதற்கான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். டீச்சரின் விண்ணப்பம் முதல் கூட்டத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தேர்வு முடிவு வந்த பிறகுதான் விண்ணப்பம் தரலாம், தேர்வு முடிவைக் கூட்டம் நடந்த மறுநாள்தான் ஒட்டினார்கள். இடையில், இணையத்தில் சாடியின் படம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளலாமே என்றார்கள். பார்த்தார். சாடியின் முதுகுப்பக்கம். நடுவே அருங்காட்சியகத்தின் முத்திரை.

நாலாவது மாதக் கடைசியில் ஒருவழியாக அனுமதி வந்தது. வியாழக்கிழமை, பதினொன்று முதல் பதினொன்று இருபது வரை.

டீச்சர் அன்று காலையில் சாப்பிடவில்லை. கிடங்கு நிலவறையில் இருந்தது. மேடம், இரண்டு சாட்சிகள், ஒரு காவலாளி எல்லோரும் உடன் வந்தார்கள். உள்ளே கிடங்கு அக்கா காத்திருந்தார். இருபத்தாறு வருஷமாக அங்கே சாவி வைத்திருப்பவர். சுருக்கமாகப் பேசுவார். பதிவேட்டில் எட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். ஏழு நிமிஷம் போயிற்று. பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கி, சாடியை மெல்லத் தூக்கி மேஜையில் நிறுத்தினார். முழங்கால் உயரம், செம்மண் நிறம், ஒரு விரிசல் இல்லை. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய மண் நேற்றுச் சுட்டது மாதிரி இருந்தது.

டீச்சர் கற்றுக்கொண்டபடி மேஜையை அணுகினார். தோளைப் பார்த்தார். இந்தப் பக்கம் இல்லை. சுற்றி வந்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் திட்டு. அதன்மேல் கறுப்பில் அருங்காட்சியகத்தின் பதிவு எண். அதற்குமேல் பளபளவென்று வார்னிஷ்.

"அக்கா, குறி எங்கே?"

"அதுக்குக் கீழதான் இருக்கணும்" என்றார் கிடங்கு அக்கா.

"குறி மேலயா நம்பர் போட்டீங்க?"

"முதல் நம்பர் யார் போட்டாங்களோ தெரியாது, எனக்கு முந்தி. அப்புறம் நம்பர் முறை மாறுச்சு, பழசு மேல வெள்ளை அடிச்சு ரெண்டாவது போட்டாங்க. மறுபடி மாறுச்சு. மூணாவது நான் போட்டது. தெளிவாத் தெரியற இடத்துல போடணும்னு உத்தரவு. சாடியில அதுதானே தெளிவாத் தெரியற இடம்."

டீச்சர் குனிந்து பார்த்தார். மூன்று அடுக்குப் பெயிண்டில் கோடுகள் நிரம்பி, மேலே கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். விண்ணப்பத்தில் வெளிச்சம் கேட்கப்படவில்லை என்றார் மேடம். பதினொன்று இருபதுக்குப் பெட்டியை மூடிவிட்டார்கள்.

மறுநாள் டீச்சர் பராமரிப்புத் துறைக்குப் போனார். அங்கே இருந்த வேதியியலாளர் நல்லபடியாகத்தான் பேசினார். "எடுக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க. பஞ்சுல நாலு சொட்டு திரவம் தொட்டுத் துடைச்சா கால் மணி நேரத்துல வந்துடும்."

"அப்ப எடுத்துக் கொடுங்க சார்."

"எடுக்க முடியாதே. முதல் நம்பருக்கு எண்பது வயசு ஆச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேலானா எங்க விதிப்படி அதுவும் தொல்பொருள். நம்பரைச் சேதப்படுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை."

"குறிக்கு ரெண்டாயிரம் வயசு சார்."

"இருக்கலாம். ஆனா குறிக்கு நம்பர் இல்லையேம்மா. நம்பர் இல்லாத பொருள் எங்க பதிவுப்படி கிடையாது."

மூலையில் துணி போர்த்தி ஒரு எக்ஸ்ரே கருவி நின்றது. பெயிண்டைத் தொடாமலேயே அதில் படம் எடுக்கலாமே என்று டீச்சர் கேட்டார். எடுக்கலாம், படம் அருமையாக வரும், ஆனால் அது சேத மதிப்பீட்டுக்காக வாங்கியது, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார் வேதியியலாளர். "ஏதாவது சேதம் ஆச்சுன்னா சொல்லுங்க, உடனே எடுத்துடலாம்."

டீச்சர் இயக்குநருக்கு மூன்று மனு எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது. ஆய்வறிஞரின் ஆர்வத்தைப் பாராட்டி, எண் இருக்கும் இடத்தில் குறி இருக்கிறது என்று நம்புமாறு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வார விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது கணவர், "விட்டுடேன், இடப்பக்கம்னு எழுதிடு, யார் போய்ப் பார்க்கப் போறாங்க" என்றார்.

"நான் போய்ப் பார்க்கலையே, அதுதானே பிரச்சினை" என்றார் டீச்சர். கோபத்தில் மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்த சடையை இரண்டு தடவை பிரித்துப் போட்டார்.

ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் நிறைவுப் புகைப்படம் எடுக்கும் சடங்கு. ஆய்வறிஞர் தன்னுடைய ஆய்வுப் பொருளின் அருகில் நின்று, அறிவு பெற்ற முகத்தோடு, ஆண்டறிக்கைக்காகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தக் குழுவும் கூடத் தேவையில்லை. சாடி தானாகவே மேலே வந்துவிட்டது. கூடத்தின் நடுவே மேஜை, வெல்வெட் துணி, இரண்டு பெரிய விளக்கு. புகைப்படக்காரர் சாடியைத் திருப்பி வைத்தார். "நம்பர் தெரியணும்னு இயக்குநர் சார் சொல்லியிருக்கார்."

கிடங்கு அக்கா ஒரு ஓரமாக நின்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மேடம் இயக்குநருக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சருக்கும் வெள்ளைத் திட்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம். ஆறு மாதம். மகளின் விரல் கண்ணாடியில் தட்டிய சத்தம் கேட்காத அந்த ஞாயிறு. டீச்சர் வலது கைக் கையுறையைக் கழற்றினார். முறைப்படி, விரல் விரலாக, மூன்று நாள் பயிற்சியில் சொன்னபடி. ஆள்காட்டி விரலை எண்ணின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார்.

பெயிண்டுக்குக் கீழே ஏதோ இருந்தது. ஒரு பள்ளம், இன்னொன்று, மூன்றாவது. அப்புறம் ஏதோ வளைந்தது. எந்தப் பக்கம் என்று விரலுக்குப் பிடிபடுவதற்குள் புகைப்படக்காரரின் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"டீச்சர்" என்றார் மேடம். குரலில் தேன் இல்லை. "உங்க விரல்."

அதற்குப் பிறகு நடந்த வேகத்தை டீச்சர் அந்தக் கட்டடத்தில் அதுவரை கண்டதில்லை. பத்து நிமிஷத்தில் கூடம் பூட்டப்பட்டது. நாற்பது நிமிஷத்தில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மதியம் இரண்டு மணிக்கு எக்ஸ்ரே கருவியின் துணி விலகியது. சேதத்தை மதிப்பிடச் சாடியின் தோளை நேராக, சாய்வாக, நெருக்கமாக, ஒன்பது படம் எடுத்தார்கள். மூன்று மணிக்குச் சாடி சான்றுப்பொருளாக அறிவிக்கப்பட்டது. சான்றுப்பொருளுக்குத் தனி எண் உண்டு. தெளிவாகத் தெரியும் இடத்தில் வெள்ளை அடித்து நாலாவது எண்ணைப் போட்டார்கள்.

மறுநாள் காலை கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த டீச்சரிடம் ஒரு தடித்த உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குற்றப்பத்திரிகை. 'ஈராயிரம் ஆண்டு பழமையான சாடியின் தோள்பகுதியில், தம் நகத்தால், மூன்று நேர்கோடுகளும் ஒரு வளைகோடும் கீறியது.' விதிப்படி குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதாரங்களின் நகலைத் தர வேண்டும். இணைப்பு மூன்று, எக்ஸ்ரே படங்கள்.

டீச்சர் முதல் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருந்ததால், கீறலுக்குள் இறங்கி நின்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மூன்று கோடு. கொக்கி. படம் தலைகீழாக, இடவலம் மாறி அச்சாகியிருக்குமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் அதே படத்தில் அருங்காட்சியகத்தின் முதல் எண்ணும் விழுந்திருந்தது. எண் நேராகப் படிக்க வந்தது. ஆகவே கொக்கி இடப்புறம்தான்.

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி நிமிர்த்திப் பார்த்தார். இடப்புறம்தான். வெளியே நின்றிருந்த ஒரு வயதான தம்பதி, உள்ளே இருக்கும் ஆய்வறிஞர் அழுவதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் செய்தார். "இடப்பக்கம்ங்க."

"என்ன இடப்பக்கம்?"

"கொக்கி."

"சரி. உன்மேல ஏதோ விசாரணைன்னு நேத்து சொன்னியே?"

"அதுலதான் தெரிஞ்சுது."

அந்த வாரம் வீட்டில் கணவர் குற்றப்பத்திரிகையை வரி வரியாகப் படித்தார். சிவப்புப் பேனாவால் பதினான்கு பிழை திருத்தி, "விஷயத்தை விடு, மொழியே சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை நாளன்று டீச்சர் பேராசிரியரிடம் கடிதம் வாங்கி, சூளையில் கிடைத்த பதினோரு ஓடுகளில் இரண்டை அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். நீண்ட மேஜை. நடுவில் இயக்குநர், ஒரு பக்கம் மேடம், மறுபக்கம் வேதியியலாளர்.

முதலில் கிடங்கு அக்காவைக் கூப்பிட்டு, தொட்டதைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.

"பார்க்கலைங்க. அந்த நேரம் பதிவேட்டுல 'நேரில் கண்காணித்தேன்'னு எழுதிக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

பிறகு டீச்சர் பேசினார். நடுங்காமல் பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். "ஐயா, கீறல் பெயிண்டுக்கு அடியில இருக்கு. மூணு அடுக்குப் பெயிண்ட், அதுமேல வார்னிஷ். அதுல ஒரு கீறல்கூட இல்லை. மேல படாம கீழ மட்டும் நகத்தால எப்படிக் கீற முடியும்?"

"அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்" என்றார் இயக்குநர். "எப்படிச் செய்தீர்கள்?"

டீச்சர் அட்டைப்பெட்டியைத் திறந்து இரண்டு ஓடுகளையும் மேஜையில் வைத்தார். "இது முன்னூறு கிலோமீட்டர் தள்ளி, பன்னிரண்டு அடி ஆழத்துல கிடைச்சது. அதே மூணு கோடு, அதே கொக்கி. இந்தக் குறி அந்தக் காலத்துக் குயவர் போட்டது. என் ஆய்வே இதுதான்."

குழு ஓடுகளை வாங்கிப் பார்த்தது. வேதியியலாளர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிட்டார். மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். இயக்குநர் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"அப்படியானால் இது முதல் தடவை இல்லை" என்றார்.

டீச்சருக்குச் சட்டென்று புரியவில்லை.

"நீங்கள் போகிற இடமெல்லாம் இதைச் செய்திருக்கிறீர்கள். உங்களை நாங்கள் வெறுக்கவில்லை அம்மா. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான், ஏதாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற வெறி வந்துவிடுகிறது. இங்கே எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட எதையும் கண்டுபிடித்ததில்லை. எவ்வளவு கண்ணியமாக வந்து எவ்வளவு கண்ணியமாகப் போனார்கள். நீங்கள் அந்த மரபை உடைத்துவிட்டீர்கள்."

மேடம் ஒரு தாளை நகர்த்தினார். மன்னிப்புக் கடிதம், அச்சடித்துத் தயாராக இருந்தது. 'மேற்படி கோடுகளை நானே கீறினேன்.' "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர். எச்சரிக்கையோட முடிஞ்சுடும். நிறைவுச் சான்றிதழ்கூட இதோ, ரெடியா இருக்கு."

சான்றிதழ் தங்க நிற எழுத்தில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போனால் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷப் பணித்தொடர்ச்சி நிற்கும். கையெழுத்துப் போட்டால் இடப்புறக் கொக்கி அவருடைய நகக்கீறல் ஆகிவிடும். டீச்சர் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூடி போட்டு மேஜையில் வைத்தார்.

"நான் கீறலைங்க" என்றார். ஓடுகளை எடுக்கப் போனபோது, அவையும் விசாரணைக்கு வேண்டும் என்று மேடம் அட்டைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. குற்றம் நிரூபணம். ஐந்து ஆண்டுகளுக்கு அருங்காட்சியகத்தில் நுழையத் தடை. சான்றிதழ் இல்லை. அட்டைப்பெட்டியும் திரும்பி வந்தது. இரண்டு ஓடுகளிலும், குறி இருந்த இடத்தில், வெள்ளை அடித்து எண் போட்டிருந்தார்கள். டீச்சர் பெட்டியை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பை முழுக்கப் படித்தது பேராசிரியர்தான். பதினேழாம் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதைக் கேளும்மா. 'கோடுகளின் ஆழம், இடைவெளி, கொக்கியின் வளைவு ஆகியவற்றை ஒப்பிட்டதில், சாடியிலும் ஓடுகளிலும் உள்ள கீறல்கள் ஒரே கையால், ஒரே கருவியால் போடப்பட்டவை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.' இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்கார். உன் நாலாவது அத்தியாயத்தை அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க."

பள்ளிக்கூடத்தில் டீச்சரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் புதிதாகச் சேர்ந்தவராக. அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். வருஷக் கடைசிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். கறாரான ஆள். பக்கத்தைப் புரட்டி அடிக்குறிப்பில் விரலை வைத்தார். "இங்கே ஆதாரம்னு ஒரு விசாரணை அறிக்கையைக் காட்டியிருக்கீங்க. இதே அறிக்கை, அந்தக் கை உங்க கைன்னு சொல்லுதே?"

"ஆமாங்க. ஒரே கைங்கிறதுக்கு ஆதாரம் காட்டியிருக்காங்க. அது என் கைங்கிறதுக்கு ஆதாரம் காட்டலை. அதனால முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

"எக்ஸ்ரே படத்துக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"கேட்டேங்க. ஆய்வுக்குப் படம் தர்ற வழக்கம் இல்லைன்னு பதில் வந்துது. ஆனா குற்றப்பத்திரிகை என் பேருக்கு வந்தது. அதை நான் யார்கிட்ட வேணும்னாலும் காட்டலாம்."

பேராசிரியை அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். சிரிப்பை அடக்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "சரி, அஞ்சாவது அத்தியாயத்துக்குப் போவோம்" என்றார்.

பட்டம் உறுதியாகி டீச்சர் வெளியே வந்தபோது கணவரும் மகளும் மரத்தடிப் பெஞ்சில் காத்திருந்தார்கள். கணவர் எழுந்து, "வாங்க டாக்டர்" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சந்தோஷம்தானே?"

"பஞ்சுல நாலு சொட்டுங்க. கால் மணி நேர வேலை. அதை யாருமே செய்யலை. இன்னும் அப்படியேதான் கிடக்கு."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, அவ்வளவு நாள் அங்க இருந்தியே, அந்தச் சாடியில இருக்கிற கோட்டைப் பார்த்தியா?"

"இல்லடா" என்றார் டீச்சர். "நம்பரைத்தான் பார்த்தேன்."